முதுகு அசையக்கூடாது

தை 10, வியாழன்

இந்த டைரி மஞ்சள் மண்டியில் சும்மா கொடுத்தது. மகன் மோகனசுந்தரம் கொண்டுவந்து அலமாரியில் போட்டிருந்தான். இன்றைக்குத்தான் இதற்கு ஒரு வேலை வந்தது.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் இந்த முறை முதுகுக்கு மாத்திரை எழுதவில்லை. மாடிக்குப் போய் பிசியோதெரபி பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அங்கே ஒரு சின்னப் பெண். தஸ்லிமா என்று பெயர். வாங்க ஆயா என்றாள்.

"சீட்டுல துளசிமணின்னு எழுதியிருக்குதே கண்ணு, படிக்கத் தெரியாதா?"

"தெரியுமுங் ஆயா" என்று சிரித்தாள். கோபமே வரவில்லை அவளுக்கு. அப்படிப்பட்டவர்களை நம்பக்கூடாது.

வலி எங்கே என்று அமுக்கிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. நிற்க வைத்து, சாமிக்குக் கும்பிடு போடுகிற மாதிரி குனியச் சொன்னாள். இடுப்பு மட்டும் மடங்க வேண்டுமாம். முதுகு அசையக்கூடாதாம். குனிந்தேன்.

"முதுகு வளையுதுங்."

"வளையலை."

"வளையுதுங் ஆயா."

"எம் முதுகு எனக்குத் தெரியாதா?"

பிறகு உயரமான முக்காலியில் உட்காரவைத்து ஒரு காலை மட்டும் நீட்டச் சொன்னாள். அதிலும் முதுகு போய்விட்டதாம். சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, தொப்புள் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் நிறைய. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாடுகிற ஆட்டத்தை எல்லாம் ஆடவைத்து, எல்லாவற்றிலும் தோற்றுவிட்டேன் என்றாள்.

தினமும் என்ன வேலை செய்கிறேன், எப்போது வலிக்கிறது என்று எழுதிவைக்க வேண்டுமாம். எனக்குப் படிப்பு மூணாப்போடு சரி என்றேன். மூணாப்பு போதும் என்றாள். நான் எழுதினதை அவள் பார்க்க மாட்டாளாம், நானே படித்துச் சொன்னால் போதுமாம்.

"கனமா எதையாவது தூக்கறீங்களா?"

"ஆட்டுக்குட்டியைத் தூக்குவேன்."

அதை எழுதிக்கொண்டாள்.

தை 11, வெள்ளி

வாசல் கூட்டினேன், வலித்தது. தண்ணீர் எடுத்தேன், வலித்தது. சோறு வடித்தேன், வலித்தது.

என் வீட்டுக்காரரை எழுப்பி உட்காரவைத்தேன், நாற்காலியில் மாற்றினேன், கழுவிவிட்டேன், மறுபடி படுக்கவைத்தேன். இதை அவளிடம் படித்துக் காட்டப் போவதில்லை.

தை 14, திங்கள்

ஐப்பசியில் அவருக்கு வாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. கண் நன்றாகத் தெரிகிறது, காதும் கேட்கிறது. எது போக வேண்டுமோ அது போகவில்லை.

பார்த்துக்கொள்ள மகன் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தான். அவள் அவரைத் தாத்தா தாத்தா என்று கொஞ்சிக்கொண்டு ரசம் ஊட்டினாள். இரண்டாம் நாளே அனுப்பிவிட்டேன். அவர் கட்டிலின் இடது பக்கம் நின்று, கக்கத்தில் கை கொடுத்து நானே தூக்குகிறேன். மூட்டை மாதிரி கனக்கிறார்.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்தான்.

தை 17, வியாழன்

போன வாரம் நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக, நான் குனிகிறபோது அந்தப் பெண் செல்போனில் படம் பிடித்துவிட்டாள். முதுகில் வெள்ளை பிளாஸ்திரித் துண்டுகள் ஒட்டியிருந்தாள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவதைக் காட்டினாள்.

"பாத்தீங்களா ஆயா, முதுகுதான் முதல்ல போகுது. இடுப்பு மடங்கவே இல்லை."

"யாரைக் கேட்டு எம் பின்னாலயெல்லாம் படம் புடிச்சே?"

"மூஞ்சி வரலைங் ஆயா."

"மூஞ்சி வந்தாத்தான் பரவாயில்லையே."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். எலும்பு தேய்ந்திருக்கிறதாம், ஆனால் என் வயசில் எல்லாருக்கும் அது தேய்ந்துதான் இருக்குமாம். முதுகு அசைவது எனக்கே தெரியவில்லை, அதுதான் கோளாறு, அதனால்தான் ஆறமாட்டேன் என்கிறது என்றாள். ஆணி அடித்த மாதிரி நிற்பதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேனாம்.

வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். அது யாருடைய முதுகோ. என் சேலையைத்தான் கட்டியிருந்தது.

தை 20, ஞாயிறு

மோகனசுந்தரம் வந்தான். அவன் பெண்டாட்டி பூங்கொடியும் வந்தாள். கல்யாணத்தன்று அவள் அம்மா, பாயசத்தில் ஏலக்காய் போதவில்லை என்று பந்தியில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இந்தப் பெண் ஒன்றும் மோசமில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே மகன் ஆரம்பித்தான்.

"அம்மா, கோயமுத்தூர்ல ஒரு ஹோம் பாத்திருக்கறேன். ஆம்பளைங்களுக்கு மட்டும். நல்லாப் பாத்துக்குவாங்க."

"யாருக்கு?"

"அப்பாவுக்குத்தான். உனக்கு முதுகு இப்படி இருக்குது. எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. நீயும் உளுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"இங்கதான் இருக்கோணும்."

"அப்ப ஆளு வெச்சுக்க."

"ஆளு வேண்டாம்."

"மாசி கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள முதுகு சரியானாச் சரி. இல்லீன்னா கார் எடுத்துட்டு வந்துருவேன்."

கட்டிலிலிருந்து அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் இங்கேதான் இருக்க வேண்டும். நான் பேசாமல் இருப்பதை அவர் தினமும் கேட்க வேண்டும். ஹோமில் போய் யார் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கவா இத்தனை வருசம் வாயைக் கட்டினேன்?

தை 24, வியாழன்

இன்றைக்குக் கையும் முழங்காலும் ஊன்றி மாடு மாதிரி நிற்கவைத்தாள். அப்படியே குதிகாலை நோக்கிப் பின்னால் போக வேண்டும். முதுகில் ஒரு கம்பு வைத்தாள், அது விழக்கூடாது. விழுந்தது. மறுபடி வைத்தாள். விழுந்தது.

குப்புறப் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னாள். அதிலும் இடுப்பு தூக்கிக்கொண்டதாம்.

"ஆயா, தினமும் ஒரே பக்கமாக் குனிஞ்சு நீங்க எதையோ தூக்கறீங்க. உங்க உடம்பு சொல்லுது. ஆட்டுக்குட்டி இவ்வளவு கனம் இருக்காதுங்."

என் உடம்பு என்னைக் கேட்காமல் அவளிடம் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

மாசி 1, வியாழன்

அவருக்கு ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்க மகன் காரில் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அதே மாடி, அதே பெண்.

சக்கர நாற்காலியிலிருந்து பெஞ்சுக்கு மாற்ற வேண்டும். நான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போனேன். நீங்க இருங்க ஆயா என்று என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, அந்தக் குச்சிப் பெண் அவர் முன்னால் குனிந்தாள். இடுப்பிலிருந்துதான் குனிந்தாள், கவனித்தேன்.

"தாத்தா, நல்ல காலை மடக்கிக்கங்க. நான் சொல்றப்ப ஊனி எந்திரிங்க. ம், ஊனுங்க."

இடது காலை இழுத்துத் தரையில் ஊன்றினார். எழுந்தார். நின்றார். ஐப்பசிக்குப் பிறகு அந்த மனுசன் நின்று நான் பார்ப்பது இன்றைக்குத்தான். என்னைவிட எவ்வளவு உயரம் என்பதே மறந்துபோயிருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள்.

"வீட்டுல இவரை யாரு தூக்கறாங்க?"

நான் ஃபேனைப் பார்த்தேன். மகன்தான் சொன்னான், அம்மா என்று.

"சொல்லிச் சொல்லித்தானே தூக்கறீங்க ஆயா? ஊனுங்கன்னு சொன்னா அவரே பாதி எந்திரிச்சுருவாரே."

"அம்மா அப்பாகிட்டப் பேச மாட்டாங்கம்மா."

"ஏதாச்சும் சண்டையா?"

"நான் ஒம்பதாவது படிக்கறப்ப இருந்து."

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். மகனுடைய தலை நரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

கிளம்புகிறபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே வார்த்தைதானுங் ஆயா. அதைச் சொல்லிட்டா நீங்க தூக்க வேண்டியதே இல்லை. உங்க முதுகும் தேறிக்கும், தாத்தாவும் வீட்டுலயே இருப்பாரு."

மாசி 2, வெள்ளி

ஊன முடிந்தும் ஊனாமல்தான் இத்தனை நாள் கிடந்திருக்கிறார். நான் கேட்கட்டும் என்று இருந்திருக்கிறார்.

மாசி 3, சனி

தூக்கம் வரவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன். பின்னால் யாராவது பேத்தி கீத்தி படித்தால், கிழவி திமிரில் பேசாமல் இருந்தாள் என்று நினைக்கக்கூடாது.

அந்த வருசமும் மாசிதான். பதினாறாம் தேதி, புதன்கிழமை. களத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தோம். கொப்பரைக்கு அடியில் தீ எரிய நான் காய்ந்த தோகை தள்ளிக்கொண்டிருந்தேன். ஊத்துக்குளியில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். களத்தில் நின்ற இவரிடம் போய் ஏதோ பேசினார். பிறகு என்னிடம் மோர் கேட்டார். நான்தான் சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா இருக்கறயா அம்மிணி?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பொழுது சாய்ந்து, கடைசிக் கொப்பரையும் இறக்கி, மஞ்சளைக் களத்தில் பரப்பி முடித்த பிறகு இவர் வந்து சொன்னார்: "உங்கம்மா காலையிலயே போயிட்டாங்களாமா. கிளம்பு."

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு கழுவிவிட்டிருந்தார்கள். வாசல் ஈரமாக இருந்தது. மத்தியானம் வரைக்கும் உனக்காகத்தான் வைத்திருந்தோம் என்றார்கள். வாய்க்கரிசி போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. சாவு சொல்ல வந்தவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்த கை இது.

கொப்பரையை அப்படியே விட்டால் மஞ்சள் குழைந்துபோயிருக்கும் என்று பிறகு யாரிடமோ சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

அதற்கு முன்னால் நான் அவரை ஏனுங்க என்றுதான் கூப்பிடுவேன். எல்லாப் பெண்டாட்டிகளும் கூப்பிடுவது போலத்தான்.

மாசி 5, திங்கள்

ஆட்டுப்பட்டியில் நின்று சொல்லிப் பார்த்தேன். ஊனுங்க என்று வருகிறது. அதற்கு முன்னால் ஒரு ஏனுங்க வேண்டுமே. கூப்பிடாமல் எப்படி ஒருத்தரை ஊனச் சொல்வது? கிடாய்க்குட்டியைப் பார்த்து ஏனுங்க என்று சொல்ல வாய் கூசியது.

வலி அப்படியேதான்.

மாசி 7, புதன்

மகன் சின்னவனாக இருந்தபோது அவன் மூலமாகப் பேசினோம். அவன் வேலைக்குப் போன பிறகு சுவரைப் பார்த்துச் சொல்வேன். சோறு வைத்தாகிவிட்டது, மழை வருகிறது, துணி எடுக்க வேண்டும். சுவருக்குச் சொன்னால் அவர் எடுப்பார். அது ஒரு பழக்கமாக ஓடியது.

இன்றைக்குக் காலையில் கக்கத்தில் கை கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து, காலை ஊன வேண்டும் என்றேன்.

அவரும் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். கால் அசையவில்லை.

வேண்டுமென்றேதான். தஸ்லிமாவுக்கு ஊனின கால், எனக்கு ஊனமாட்டேன் என்கிறது. தூக்கினேன். முதுகில் ஏதோ சுரீர் என்றது.

மாசி 8, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பஸ் ஏற முடியவில்லை.

மாசி 12, திங்கள்

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணும்.

வெள்ளிக்கிழமை விடிகாலை அவரைத் தூக்கினேன். பாதி தூக்கியதும் இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இருவரும் தரையில் விழுந்தோம். நான் மல்லாக்க, அவர் பக்கத்தில்.

எழ முடியவில்லை. கத்தினால் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்காது. பால் கறக்க வருகிற ரங்கன் வரும்வரை அப்படியே கிடந்தோம். விட்டத்தில் ஒரு பல்லி இருந்தது. அவர் தொண்டையில் ஏதோ சத்தம் போட்டுப் பார்த்தார். வார்த்தையாக வரவில்லை. என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் வேறு வேலையும் இல்லை.

வந்ததும் ரங்கன் பதறிப்போனான்.

"ஏனாத்தா, ரண்டு பேரும் எவ்வளவு நேரமா இப்படிக் கெடக்கறீங்க?"

என் தலைக்கு அடியில் அவருடைய நல்ல கை இருந்தது. விழும்போது சிக்கியிருக்கும். ரங்கன் எடுத்துவிட்டபோது கை மரத்துப்போய் வெளுத்திருந்தது.

மகனுக்கு அவன்தான் போன் செய்துவிட்டான். சொல்ல வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

மாசி 13, செவ்வாய்

பூங்கொடி வந்து தங்கியிருக்கிறாள். அவருக்கும் எனக்கும் சேர்த்துச் செய்கிறாள். "மாமா, காலை ஊனுங்க" என்கிறாள். ஊனுகிறார்.

ரசத்தில் புளி அதிகம்.

மாசி 18, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து மணிக்குக் கார் வந்தது. மாசி முடியட்டும் என்றாயே என்று மகனிடம் சொன்னேன். "இன்னும் முடியறதுக்கு என்னம்மா இருக்குது?" என்றான். அவன் கண் சிவந்திருந்தது. அவன்மேல் கோபப்பட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

அவருக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வாசல்வரைக்கும் வந்தார். கார் கதவைத் திறந்தார்கள்.

"அப்பா, ஊனுங்க" என்றான் மகன்.

ஊனவில்லை.

பூங்கொடி சொன்னாள். "மாமா, அன்னைக்கு ஊனினீங்கல்ல, அதே மாதிரி."

ஊனவில்லை. கல்லாக உட்கார்ந்துவிட்டார். நான் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் காரைப் பார்க்கவில்லை. மகனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமுமாகத் தூக்கப் பார்த்தார்கள். டிரைவர் அவருடைய வலது தோளைப் பிடித்து இழுத்தான். அது இழுக்கக்கூடாத தோள். வாதம் வந்த தோளை இழுத்தால் மூட்டு நழுவிவிடும், நான் ஒருநாளும் அதைத் தொட்டுத் தூக்கியதில்லை. அவர் முகம் கோணியது. சத்தம் வரவில்லை. டிரைவர் மறுபடி இழுத்தான்.

"ஏனுங்க" என்றேன்.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் கழுத்து மட்டும் விறைத்துப்போய் நின்றது.

"ஊனுங்க."

அவர் இடது காலை இழுத்தார். மெதுவாக மடக்கினார். தரையில் ஊன்றினார். எழுந்து நின்று, கார் சீட்டில் தானே உட்கார்ந்தார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

கதவைச் சாத்தினார்கள். வண்டி போய்விட்டது.

மாசி 19, திங்கள்

ஆட்டுக்குத் தழை வெட்டிப் போட்டேன். வேறு வேலை இல்லை.

மாசி 25, ஞாயிறு

மகன் ஹோமிலிருந்து போன் செய்தான். அங்கே யார் சொன்னாலும் ஊனமாட்டேன் என்கிறாராம். இரண்டு ஆள் தூக்குகிறார்களாம். முதுகில் புண் ஆரம்பித்திருக்கிறதாம்.

"அம்மா, போனை அவரு காதுல வெக்கறேன். நீ சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்றது?"

"அன்னைக்குச் சொன்னியே, அதையே சொல்லு."

காதில் வைத்திருப்பது தெரிந்தது. மூச்சு கேட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். ஏனுங்க, ஊனுங்க என்றேன்.

பிறகு மகன் பேசினான்.

"ஊனலைம்மா. நீ வந்திருக்கறேன்னு நெனச்சுட்டாரு. கதவையே திரும்பித் திரும்பிப் பாக்கறாரு."

இனிமேல் போனில் சொல்ல வேண்டாம் என்றான்.

மாசி 26, திங்கள்

போகலாமா என்று பார்த்தேன். கோயமுத்தூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போனால் அவர் எழுந்து நிற்பார். பார்க்கும் நேரம் முடிந்ததும் நான் திரும்பி வர வேண்டும். அந்தக் கதவை அப்புறம் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்?

போகவில்லை.

பங்குனி 20, வியாழன்

மாசிக் கடைசியிலிருந்து வாரம் தவறாமல் தஸ்லிமாவிடம் போய்வருகிறேன். பூங்கொடி போகச் சொல்லி நச்சரித்தாள். வீட்டில் இருந்து மட்டும் என்ன செய்ய? சொல்லிக்கொடுத்ததைக் காலையும் மாலையும் செய்கிறேன். அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்து பழகினேன். உயரம் சரியாக இருக்கிறது.

இன்றைக்கு அந்தப் பெண் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்யச் சொன்னாள். கும்பிடு போட்டேன். இடுப்பு மடங்கியது, முதுகு அப்படியே நின்றது. முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். ஒற்றைக் காலில் நின்றேன், தொப்புள் இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர்ந்ததாம். மாடு மாதிரி நின்று பின்னால் போனேன், கம்பு விழவில்லை. அவள் கையைத் தட்டினாள்.

"ஆயா, அசையவே இல்லை தெரியுமா?"

தெரியும் என்றேன். இப்போது தெரிகிறது. எப்போது அசைகிறது, எப்போது அசையவில்லை என்று எனக்கே தெரிகிறது.

"இனி நீங்க வர வேண்டியதில்லைங். எதை வேணும்னாலும் தூக்கலாம். தாத்தா எப்படி இருக்காரு?"

நன்றாக இருக்கிறார் என்றேன். அவளுக்கு வேறு நோயாளிகள் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். கட்டிலின் இடது பக்கம் போய் நின்றேன். இடுப்பிலிருந்து குனிந்து இரண்டு கையையும் மெத்தைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். வந்தது. வெயிலில் காயப்போட வாசலுக்குக் கொண்டுபோனேன்.

வலி இல்லையென்றால் வலி இல்லை என்று எழுதச் சொல்லியிருந்தாள்.

வலி இல்லை.